புகைபோக்கி தெரிந்ததும் வலப்பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் குறையில்லாமல் இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் மழை வருவதை முதல் நாளே சொல்லிவிடுகிறது. வானிலை அலுவலகத்துக்காரர்கள் வந்து கேட்டால் இரவல் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். நீ விடுதியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, மேலே போனால் தலை சுற்றுகிறதா என்று ஒளிக்காமல் எழுது.

போனில் கூப்பிட்டாயாம். அத்தை சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் பாய்லருக்குப் பக்கத்தில் நின்ற காது இது. போனில் நீ பேசினால் டப்பாவுக்குள் கொசு பேசுகிறமாதிரி இருக்கிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். நான் ஏழாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன் என்று உனக்குத் தெரியும். அதுவும் வாத்தியார்களே “போதும்பா, மிச்சத்தை மத்தவங்களுக்கு விட்டு வை” என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் நிறுத்தினேன்.

நீ விமானி ஆகப்போவது எனக்கு ஆச்சரியமே இல்லை. அது நம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஒரு தடவை நான் விமானத்தில் போனபோது விமானியே எழுந்து வந்து, “சார், சத்தம் ஒரு மாதிரி வருது, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று என்னைக் கூப்பிட்டார். நான் காதை வைத்துக் கேட்டு, “இடது பக்கம் எண்ணெய் போடுங்க” என்றேன். அதற்குப் பிறகு பூனை நடக்கிறமாதிரி போயிற்று. இதைப் படித்துக் காட்டியபோது அத்தை, “நீங்க போனது பஸ்ல” என்றாள். அவளுக்கு ஞாபக மறதி.

நீ பரீட்சைக்குப் பறக்கும் வழி எங்கள் ஊருக்கு மேலே வருகிறதாம், காகித ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துத் திரும்ப வேண்டுமாம், என் கூடப்பிறந்தவள், உன் அம்மா, சொல்லியிருக்கிறாள். அது யாருடைய புகைபோக்கி? பாய்லர் இன்சார்ஜ் யார்? உன் அப்பாவிடம் இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல். என் கல்யாணத்தில் நாலு பேர் முன்னால் “மச்சான் ஆலையில கரி அள்ளுறார்” என்று அவர் சொன்னதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். இருபது வருஷமாக மறந்துகொண்டே இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். தலை சுற்றவில்லை. முழங்காலுக்கு மருத்துவரைப் பாருங்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அம்மா சொன்னது சரிதான். ஏப்ரல் பதினேழாம் தேதி எனக்கு வழிகாணும் தேர்வு. கையில் ஒரு மேப், எதிரே திசைகாட்டி, தொடையில் கட்டிய கடிகாரம். இவ்வளவுதான். இத்தனை நிமிடம் இந்தத் திசையில் போனால் ரயில் பாலம் வர வேண்டும், அதற்குப் பிறகு இத்தனை நிமிடத்தில் உங்கள் ஊர் வர வேண்டும் என்று கீழே பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். புகைபோக்கி தெரிந்ததும் வலப்பக்கம் திரும்பினால் பதினோரு நிமிடத்தில் ஏரி. ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார். இரண்டு முறைதான் வாய்ப்பு. இரண்டாவது முறையும் வழி தவறினால் பயிற்சியிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தேர்வு வழியில் எங்களை முன்னால் அழைத்துப் போக மாட்டார்கள். ஆகையால் அறையில் கம்ப்யூட்டரில், பறப்பதுபோலவே காட்டும் சிமுலேட்டர் வைத்துப் பழகுகிறேன். அதில் கீழே தெரியும் தரையெல்லாம் வானத்திலிருந்து எடுத்த நிஜப் புகைப்படங்கள். ஆனால் நாலு வருடம் பழையவை. வயல், ஆறு, சாலை எல்லாம் சரியாக இருக்கும். உயரமான பொருள்கள் மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். உங்கள் ஆலையின் புகைபோக்கியும் அப்படித்தான். ஒரு வட்டமும் ஒரு நீள நிழலும்தான் தெரிகிறது. அதை நானே செய்து நிமிர்த்தி வைக்க முடியும். எவ்வளவு உயரம், என்ன நிறம், மேலே விளக்கு உண்டா என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

தெரிந்ததை மட்டும் எழுதினால் போதும்.

அன்புடன்,
மருமகள்


பிப்ரவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. முழங்காலுக்கு மருத்துவரைப் பார்த்தேன். “இந்த மாதிரி முழங்காலை நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன்” என்றார்.

புகைபோக்கி விஷயம். பேனாவை எடுத்து எழுதிக்கொள். உயரம் முந்நூறு அடி. எழுதும்போதே கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுகிறேன். சிவப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை, சிவப்பு, வெள்ளை என்று ஒன்பது பட்டைகள். உச்சியில் விளக்கு. அதன் சுவிட்சு என் மேசைக்குப் பக்கத்தில்தான். நான் போட்டால் எரியும், அணைத்தால் அணையும். புகை எப்போதும் கிழக்குப் பார்த்துத்தான் போகும், அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன். பக்கத்து ஊர்க்காரர்கள் துணி காயப் போடும் முன் ஆள் அனுப்பி, “இன்னைக்குப் புகை எந்தப் பக்கம்?” என்று என்னிடம் கேட்டுப் போவார்கள்.

அத்தை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “இதெல்லாம் எதுக்கு எழுதுறீங்க அவளுக்கு?” என்றாள்.

“அது கேட்டிருக்கு.”

“கேட்டது வேற. நீங்க எழுதுறது வேற.”

“உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?”

“எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதான் சொல்றேன்.”

அவளுக்கு இன்று காலையிலிருந்தே தலைவலி. நீ கவலைப்படாதே. பத்து மைல் தள்ளி வரும்போதே உன் கண்ணில் படும். நீ தேட வேண்டியதில்லை, அதுவே உன்னைத் தேடும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

மாமா


பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தையின் தலைவலி தீர்ந்ததா?

புகைபோக்கியைச் செய்து நிறுத்திவிட்டேன். ஒன்பது பட்டைகள், உச்சியில் விளக்கு. உயரத்தில்தான் சின்னச் சிக்கல். படத்தில் இருக்கும் நிழலை அளந்து கணக்குப் போட்டால் நாற்பத்தாறு மீட்டர், அதாவது நூற்றைம்பது அடிதான் வருகிறது. முந்நூறு அடி வைத்துப் பார்த்தேன், ஊரே குனிந்து நிற்கிறமாதிரி இருந்தது. ஆகவே நிழல் சொன்ன உயரத்தையே வைத்திருக்கிறேன்.

அந்த வழியில் இதுவரை முப்பத்தொரு முறை பறந்துவிட்டேன். விடுதியில் இன்னும் நாலு பேர் என் கம்ப்யூட்டரில் வந்து பழகுகிறார்கள். அவர்களுக்கு ஜூலையில் தேர்வு. புகைபோக்கிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் “மாமா.” அறைக்கு வெளியே நின்றால் இப்படிக் கேட்கும்:

“மாமா தெரியுதா?”

“இன்னும் இல்ல. மூணு நிமிஷம் இருக்கு.”

“ஏய், அதோ மாமா! திரும்பு, திரும்பு!”

“இருடி. மாமா இறக்கைக்குக் கீழ வரட்டும்.”

நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள் என்று எழுதினேன். தேர்வு குறித்த தேதியில்தான். காற்று ஒத்துழைக்க வேண்டும்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 10 (தபாலில் சேர்க்காதது)

அன்புள்ள மருமகளுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

இதை டோக்கன் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். என்ன டோக்கன் என்று கேட்பாய். சொல்கிறேன்.

ஆலையைப் போன ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். புகைபோக்கியை நவம்பர் பத்தொன்பதாம் தேதி காலை பத்தே கால் மணிக்கு இடித்தார்கள். அடியில் துளை போட்டு வெடி வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். சாய்ந்து விழும் என்று எதிர்பார்த்தோம். அது களைத்துப் போனவன் உட்காருகிறமாதிரி இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. தூசி அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

உன் நிழல் சொன்னதுதான் சரி. நூற்றைம்பது அடி. பட்டை கிடையாது, சிமெண்ட் நிறம். விளக்கு ஒன்று இருந்தது, கடைசி நாலு வருஷம் எரியவில்லை. சுவிட்சு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு மேசையும் கிடையாது. இன்சார்ஜ் வேறொருவர். உன் அப்பா சொன்னாரே, கரி அள்ளுவது, அந்த வேலையைத்தான் நான் செய்தேன்.

இப்போது ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்கிறேன். நாலு மாடி, ஏறி இறங்கி முழங்கால் போயிற்று. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதை அனுப்பினால் உன் அம்மா படிப்பாள், பிறகு உன் அப்பா படிப்பார். இல்லாத ஒன்றை நான் எழுதினேன், நீ அதைக் கம்ப்யூட்டரில் நிறுத்தினாய், பிள்ளைகள் அதற்கு என் பெயரை வைத்துவிட்டார்கள். பரீட்சையின்போது உன் ஆசிரியர் பக்கத்தில்தானே இருக்கிறார். வாய் திறக்க மாட்டார் என்று நீ எழுதியிருந்தாலும், பெரிய மனிதர், ஒரு வார்த்தை சொல்லாமலா போய்விடுவார்


மார்ச் 12

அன்புள்ள மருமகளுக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். பிள்ளைகள் எனக்கு வைத்த மரியாதையை அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு தாமதமாக வரும்.

ஒரு சின்ன விஷயம். ஆலையில் இப்போது வர்ணம் பூசுகிற வேலை நடக்கிறது. நான்தான் சொன்னேன், “நம்ம பொண்ணு மேல வரப்போகுது, பளிச்னு இருக்கட்டும்” என்று. அதனால் புகைபோக்கியைச் சுற்றிச் சாரம் கட்டி, அடியிலிருந்து நுனி வரைக்கும் பச்சைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். ஏப்ரலில் நீ வரும்போது பட்டை எதுவும் தெரியாமல் போகலாம். புகையும் இருக்காது. பட்டையைத் தேடி ஏமாந்து நிற்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். உன் மாமா எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிப்பவன்.

தைரியமாகப் போய் வா. மற்றவை உன் பதில் கண்டு.

மாமா


மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, அத்தை எப்படி இருக்கிறார்? பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

ஏப்ரல் பதினேழாம் தேதி தேர்வு நடந்தது. முடிவு சரியாக அமையவில்லை.

ரயில் பாலம் வரை எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த கட்டத்துக்கு இருபத்தேழு நிமிடம். இருபத்திரண்டாவது நிமிடத்திலேயே இடப்பக்கம் உயரமாக ஒன்று பச்சைத் துணி போர்த்தி நின்றது. கடிகாரம் இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்றது. பின்னாலிருந்து காற்று தள்ளியிருக்கும், சீக்கிரம் வந்துவிட்டோம் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். திரும்பினேன். பதினோரு நிமிடம் கழித்து ஏரி இல்லை. பதினான்காவது நிமிடத்திலும் இல்லை.

ஆசிரியர் அன்று பேசிய ஒரே வாக்கியம், “நாம இப்ப எங்க இருக்கோம்?”

நான் மேப்பில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அதற்குப் பிறகு விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். நான் பார்த்தது வேறொரு ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீடு. தவறு என்னுடையது. கடிகாரத்தை விட்டுவிட்டுக் கண்ணை நம்பினேன்.

திரும்பும் வழியில் உங்கள் ஊருக்கு மேலேதான் வந்தோம். ஆற்றின் வளைவைப் பார்த்தேன்.

மறுதேர்வு ஜூன் பதினெட்டு. அதே வழி. இது கடைசி வாய்ப்பு. ஆலைக்குப் பக்கத்தில் மேலிருந்து பார்த்தால் தெரியக்கூடியவை வேறு என்னென்ன இருக்கின்றன என்று எழுத முடியுமா? நீங்களே நேரில் போய்ப் பார்த்தவையாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
மருமகள்


மே 17

அன்புள்ள மருமகளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இந்தக் கடிதத்தை எழுத நாலு நாள் ஆயிற்று. அத்தை பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். அடித்தல் எல்லாம் அவள் போட்டது, மன்னித்துக்கொள்.

புகைபோக்கி இல்லை. சாரமும் இல்லை, பச்சைத் துணியும் இல்லை. மார்ச் மாதம் உனக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் மடித்து வைத்தேன். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது எல்லாம் உண்மை. அதற்கு இரண்டு நாள் கழித்து அனுப்பியது முழுக்க என் கற்பனை. அந்தப் பச்சைத் துணியை எங்கிருந்து பிடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வந்தது, எழுதிவிட்டேன்.

இனி நீ கேட்டது. நான் வேலை பார்க்கும் வாகன நிறுத்தத்தின் மேல் தளத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்து ஆலை இருந்த இடம் முழுக்கத் தெரியும்.

ஆற்றின் வளைவுக்கு உள்பக்கம் தண்ணீர்த் தொட்டிகள் நாலு என்று முதலில் எழுதினேன்.

“நாலா?” என்றாள் அத்தை.

“நாலு மாதிரிதான் தெரியுது.”

“ரெண்டு தொட்டி, ரெண்டு நிழல். அடிங்க.”

இரண்டு தொட்டிகள். நீல நிறம். ஒன்று உயரம், மற்றது அதில் பாதி. உயரமானது ஆற்றுப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் என் நடையில் அறுபத்துநாலு எட்டு. நடந்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆற்றுப் பாலத்துக்கு எத்தனை கண் என்று அவள் கேட்டாள். பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்றேன்.

“இருக்கும்னா? எண்ணினீங்களா?”

“ஒரு பாலத்துக்கு எத்தனை கண் இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“மேல நின்னு தேடப்போறது நம்ம பொண்ணு. போய் எண்ணிட்டு வாங்க.”

போய் எண்ணினேன். ஏழு. மறுநாள் இன்னொரு தடவை போனேன், அன்றைக்கும் ஏழுதான்.

ஆலை இருந்த இடம் வெறும் செம்மண். கால்பந்து மைதானம் மூன்று சேர்ந்த அளவு. நான் ஆறு என்றேன், அத்தை மூன்று என்றாள், ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியரை நிறுத்திக் கேட்டோம், அவர் “மூணு, மூணரை” என்றார். அதன் வடக்கு மூலையில் காகிதக் கிடங்கு மட்டும் நிற்கிறது. கூரைத் தகரத்தில் பாதி இல்லை. செம்மண்ணுக்கும் தொட்டிகளுக்கும் நடுவில் சாலை போகிறது. வேறு எதுவும் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

நீ ஏமாந்ததற்குக் காரணம் காற்று இல்லை. எனக்குத் தெரியும்.

மாமா


மே 27

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. இங்கே எல்லோரும் சுகம். அத்தையின் பென்சிலுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தொட்டிகளைச் சிமுலேட்டரில் நிறுத்திவிட்டேன். ஏழு கண் பாலமும் சரியாகப் பொருந்துகிறது. செம்மண்ணுக்கு மட்டும் நிறம் சரியாக வரவில்லை, நாலு முறை மாற்றினேன். உயரமான தொட்டியின் மேல் மூடி வெள்ளையா, நீலமா என்று மட்டும் எழுதுங்கள். மேலிருந்து வருகிறவளுக்கு முதலில் தெரிவது மூடிதான்.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் மேப்புக்குத் திருத்தத் தாள் ஒட்டும் பலகை உண்டு. “காகித ஆலைப் புகைபோக்கி நீக்கப்பட்டது” என்று பிப்ரவரியிலேயே அதில் இருந்தது. நான் படித்தேன். கூட இருந்தவள், “ஏய், மாமா இல்லையாம்டி” என்றாள். “தாள்தான் தப்பு. என் மாமா அங்கேயேதான் வேலை பாக்குறார், அவருக்குத் தெரியாதா?” என்று நான் சொன்னேன். நாலு பேரும் நம்பினார்கள். ஆகவே தேர்வில் தவறியதில் உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி.

சிமுலேட்டரிலிருந்து புகைபோக்கியை எடுத்துவிட்டேன். மற்றவர்களிடமும் சொல்லிவிட்டேன். “அப்ப இனிமே எதைப் பாத்துத் திரும்புறது?” என்று கேட்டார்கள். தொட்டிகளைக் காட்டினேன். அவற்றுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

அனுப்பாத கடிதத்தை அம்மாவிடம் நான் காட்டவில்லை. அது உங்கள் கடிதம். காட்டுவதும் காட்டாததும் உங்கள் கையில்.

அன்புடன்,
மருமகள்


ஜூன் 5

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே யாருக்கும் குறையில்லை. மூடி வெள்ளை. அழுக்கு வெள்ளை. ஆஸ்பத்திரித் தோட்டக்காரரோடு ஏணி ஏறிப் பார்த்தேன். அவர் ஏறினார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். முன்பு என்றால் நானே ஏறினேன் என்று எழுதியிருப்பேன்.

உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நேராக அல்ல. அத்தையைப் போன் போடச் சொல்லி, நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். ஆலை மூடியது, இடித்தது, டோக்கன், பாய்லருக்கு நான் இன்சார்ஜ் இல்லை என்பது, எல்லாம். உன் அம்மா முழுக்கக் கேட்டாளாம். அப்புறம் போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அத்தை கேட்டுக்கொண்டே நின்றாள்.

“என்ன சொல்றார்?” என்றேன்.

“இருங்க.”

“கரி பத்தி ஏதாவது சொல்றாரா?”

“இருங்கன்னா.”

போனை வைத்த பிறகு சொன்னாள். உன் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: “டோக்கன் குடுக்கிற இடத்துல மச்சானுக்கு நிழல் இருக்கா?”

இருக்கிறது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். மாலை மூன்று மணிக்கு மேல் இல்லை. ஆனால் இதுவரை நிழல் இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இருபது வருஷம் அந்த மனிதரோடு மனதுக்குள் நான் போட்ட சண்டையெல்லாம் வீணாகப் போயிற்று. எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்திருந்தேன்.

பதினெட்டாம் தேதி மேல் தளத்தில் நிற்பேன். கடிகாரத்தை நம்பு.

மாமா


ஜூன் 20

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நான் நலம்.

நேற்று முன்தினம் மறுதேர்வு. காலை ஒன்பது இருபதுக்கு ரயில் பாலம். இருபத்திரண்டாவது நிமிடத்தில் அந்த அடுக்குமாடி வீடு இடப்பக்கம் வந்தது. துணியை எடுத்துவிட்டார்கள், சுவருக்கு வர்ணம் அடித்திருக்கிறார்கள். நான் திரும்பவில்லை. ஐந்து நிமிடம் எதுவும் இல்லை, வயல்தான். அந்த ஐந்து நிமிடத்தில் கடிகாரத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஆசிரியர் தன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாற்பத்தேழுக்கு ஆற்றின் வளைவு வந்தது. முதலில் செம்மண், அடுத்து வெள்ளை மூடி, அதன் பிறகு இரண்டு தொட்டிகளும். சிமுலேட்டரில் நான் வைத்ததைவிட மண் இன்னும் சிவப்பு. பாலத்தின் கண்களை எண்ணினேன். ஏழு. திரும்பினேன். பதினோராவது நிமிடத்தில் ஏரி.

இறங்கிய பிறகு ஆசிரியர் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டார். “தொட்டி மேப்புல இல்லையே, எப்படித் தெரியும்?” என்று கேட்டார். “என் மாமா போய்ப் பாத்துட்டு வந்து எழுதினார்” என்றேன். தொட்டிகளை மேப்பில் சேர்க்கச் சொல்லி எழுதிப் போடப் போகிறாராம்.

நீங்கள் காலை எட்டு மணியிலிருந்தே மேல் தளத்தில் நின்றதாக அத்தை போனில் சொன்னார். கட்டடத்தைப் பார்த்தேன். இரண்டாயிரம் அடியிலிருந்து ஆள் தெரியாது, மாமா. உங்களைப் பார்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பார்க்கவில்லை.

அன்புடன்,
மருமகள்


ஜூன் 27

அன்புள்ள மருமகளுக்கு,

நானும் அத்தையும் சுகம். உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் தோட்டக்காரர் வரை எல்லோரும் படித்துவிட்டார்கள். மேப்பைத் திருத்தச் சொல்லி என்னிடம் அரசாங்கமே கேட்டிருக்கிறது என்று சிலரிடம் சொன்னேன். சிலரிடம்தான்.

அன்றைக்கு நடந்ததை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். நீ வந்தபோது இறக்கையை இரண்டு தடவை ஆட்டினாய், ஆஸ்பத்திரி ஜன்னல் எல்லாம் திறந்தன, நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள் என்று முதலில் எழுதினேன். மூன்று வரி எழுதிய பிறகு நானே அடித்துவிட்டேன். அத்தை அப்போது பக்கத்தில் இல்லை, கடைக்குப் போயிருந்தாள்.

இறக்கை ஆடவில்லை. ஒருவரும் ஜன்னலைத் திறக்கவில்லை. மேல் தளத்தில் நான் ஒருவன்தான். ஆற்றுப் பக்கமிருந்து சின்னதாக ஒன்று வந்தது, வெள்ளை நிறம். அது நீதானா என்று முதலில் தெரியவில்லை. நேராகவே வந்துகொண்டிருந்தது. தொட்டிகளுக்கு மேல் வந்ததும் வலப்பக்கம் திரும்பியது. அப்போது மணி ஒன்பது நாற்பத்தேழு.

மாமா